சந்தனக் கல்லும் பிம்பிள் பேட்ச்சும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே வன்னியம்பட்டியில் இருக்கிறது என் அண்ணன் வீடு. அங்கே சாமி படங்களுக்குக் கீழே ஒரு பலகை, பலகையில் ஒரு சந்தனக் கல். நடுவில் தேய்ந்து லேசாகக் குழிந்த கல். குழியைச் சுற்றி நேற்றைய சந்தனம் வெளிறிக் காய்ந்து கிடக்கும். போன மாதம் போனபோது அதே பலகையில் புதிதாக ஓர் அட்டை வந்து உட்கார்ந்திருந்தது. அட்டை முழுக்கப் பொட்டு அளவில் கண்ணாடித் தாள் போன்ற குட்டி வட்டங்கள். கல் என் அம்மாவுடையது. அட்டை அவளுடைய பேத்தியுடையது.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். தாடையோரம் பழுத்திருந்த பருவைப் பேத்தி கண்ணாடி முன் நின்று இரண்டு நகங்களுக்கிடையே வைத்து உடைத்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் பரு இருந்த இடத்தில் பருவைவிடப் பெரிய வீக்கம் நின்றது.

"கிள்ளாத கிள்ளாதன்னு சொன்னா கேட்டாத்தான? இரு தாயி, சந்தனம் உரைச்சுத் தாரேன். சூட்டை இழுத்துரும்."

"வேண்டாம் அப்பத்தா. பேட்ச் ஒட்டுறேன். சீழெல்லாம் இழுத்துரும்."

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு, வழக்கு எதுவாக இருந்தாலும் சொல் ஒன்றாக இருக்கிறதே என்று தோன்றியது. இழுத்துவிடும். எழுபது வயதும் பத்தொன்பது வயதும் வேறு வேறு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே வினைச்சொல்லை நம்புகின்றன. ஒன்று சூட்டை இழுக்கிறது, மற்றது சீழை இழுக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நான் உட்கார்ந்ததற்கு அந்தச் சொல்தான் காரணம்.

முதலில் கல்லை எடுத்துக்கொள்வோம். இழைத்த சந்தனம் என்பது மிக நுண்ணிய மரத்துகளும் நிறையத் தண்ணீரும். தோலில் பூசியதும் தண்ணீர் ஆவியாகத் தொடங்குகிறது. ஆவியாகும்போது தோலின் வெப்பத்தைக் கூடவே கொண்டுபோகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். குளிர்ந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் சற்றே சுருங்கும், சிவப்பு குறைந்ததுபோல் தெரியும், எரிச்சல் அடங்கும். ஆக, சூட்டை 'இழுப்பது' என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் தண்ணீர். சந்தனத்தின் பங்கு, அந்தத் தண்ணீரை ஓரிடத்தில் பிடித்து வைத்து மெதுவாக விடுவது. பூச்சு காய்ந்த நிமிடத்தோடு அந்தக் குளிர்ச்சி தீர்ந்துபோகிறது.

இனி அட்டை. பேட்ச் என்பது, நீரைக் கண்டால் உப்பிக் கூழாகும் பொருள்களைப் பசையோடு கலந்து மெல்லிய ஏடாக்கியது. மருத்துவத்தில் இதன் பெயர் ஹைட்ரோகொலாய்டு. உடைந்த பருவிலிருந்து கசியும் நீரை அது உள்வாங்கிக்கொள்கிறது. உறிஞ்சுகுழல் போல உள்ளே போய் எதையும் இழுத்து வருவதில்லை. வாசலுக்கு வந்து நிற்பதை வாங்கிக்கொள்ளும், அவ்வளவே. தோல் உடையாத, ஆழத்தில் கட்டியாக நிற்கும் பருவின் மேல் அதை ஒட்டினால் வாசல் மூடியிருக்கும். வாங்குவதற்கு ஒன்றும் இராது. ஆகவே இங்கேயும் இழுப்பதில் பாதிதான் உண்மை.

இரண்டும் தத்தம் வேலை முடிந்ததும் வெளுக்கின்றன என்பது எனக்குப் பிடித்த இன்னோர் ஒற்றுமை. சந்தனம் காய்ந்து வெளுக்கும்போது அம்மா, "பாத்தியா, சூடு எறங்கிருச்சு" என்பாள். காலையில் பேட்ச் நடுவில் பால்வெள்ளையாக உப்பியிருப்பதைக் காட்டிப் பேத்தி, "பாருங்க, அத்தனை சீழும் வந்துருச்சு" என்றாள். அந்த வெள்ளையில் சீழ் கொஞ்சம் இருக்கலாம். பெரும்பகுதி, நீரைக் குடித்துக் கூழாகிப்போன ஏடுதான். ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் அது அப்படித்தான் வெளுக்கும். அதுபோலச் சந்தனமும் கல்லின் மேல் காயும்போது அதே நிறத்துக்குத்தான் வருகிறது. கல்லுக்கு ஏது சூடு?

இதுவரை உறவு. பிரிவு தொடங்குவது ஈரத்தில்.

சந்தனத்தின் முறை உலர்த்துவது. பேட்சின் முறை ஈரத்தைக் காப்பது. புண் என்றால் காய வேண்டும், பொருக்குத் தட்ட வேண்டும், பொருக்குத் தானாக உதிர வேண்டும் என்பது நம் வீடுகளில் மட்டும் இருந்த எண்ணமில்லை. ஐரோப்பிய மருத்துவமனைகளும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தன. 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிக்குட்டிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றாடக் காயவிட்டார், சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடிவைத்தார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. பொருக்குக்கு அடியில் புதுத்தோல் வழி தேடிக் கீழே இறங்கி ஊர்ந்து போக வேண்டியிருந்தது. ஈரத்தில் நேராக நகர்ந்தது. 'நேச்சர்' இதழில் வந்த அந்தச் சிறு கட்டுரைக்குப் பின்தான் ஈரத்தைக் காக்கும் கட்டுகள் என்ற ஒரு வம்சமே பிறந்தது. பேத்தியின் அட்டை அந்த வம்சத்தின் கடைக்குட்டி.

அந்த வம்சத்துக்கு ஒரு பழைய தாத்தா உண்டு. அவரைப் பார்க்க வன்னியம்பட்டியிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம்.

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓசை. சேலைத் தறி என்று நினைத்து எட்டிப் பார்த்தால் கொசுவலைபோல் இடைவெளி விட்ட வெள்ளைத் துணி ஓடிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி. நெய்து முடித்த துணி அப்படியே புண்ணுக்கு ஆகாது. பஞ்சு இழையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் படலம் உண்டு; அது தண்ணீரை ஏற்காது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து மெழுகை எடுத்து, வெளுத்த பின்தான் துணி நீரை வாங்கும். மருத்துவப் பஞ்சுக்கு இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: தண்ணீரில் போட்டால் பத்து விநாடிக்குள் மூழ்க வேண்டும். மிதந்தால் தேறவில்லை.

பேட்சில் நீரைக் குடிக்கும் பொருளின் கதையும் இதுதான். அதன் பெயர் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ். மரக்கூழிலிருந்தோ, பஞ்சைப் பிரித்தெடுத்த பிறகு பருத்தி விதையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை இழைகளிலிருந்தோ எடுத்த செல்லுலோஸைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, குளோரோ அசெட்டிக் அமிலத்தோடு சேர்த்துச் செய்கிறார்கள். சத்திரப்பட்டித் துணி காஸ்டிக் சோடாவில் குளித்துவிட்டுப் பஞ்சாகவே கரையேறுகிறது. மற்றது அதே சோடாவில் முங்கி வேறு பிறவி எடுக்கிறது. முன்னது இழைகளுக்கு இடையே நீரைப் பிடிக்கிறது. பின்னது நீரைத் தனக்குள்ளேயே வாங்கிக் கூழாகிறது. அதனால்தான் காய்ந்த கட்டுத் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது புதுத்தோலையும் கூட்டிவருகிறது. பேட்ச் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. கரிசல்காட்டுப் பருத்திக்கும் பளபளப்பான அட்டைக்கும் இடையே இப்படி ஒரு சொந்தம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கணினி முன் கண் உலர்ந்தவர்கள் விட்டுக்கொள்ளும் சொட்டு மருந்திலும் இதே பொருள் உண்டு, பற்பசையிலும் உண்டு. அதற்காகப் பற்பசையை எடுத்துப் பருவில் அப்பிவிட வேண்டாம். அதில் கூடவே இருக்கும் நுரைப்பொருளும் புதினாக் காரமும் உடைந்த தோலைப் புண்ணாக்கும்.

கட்டுத் துணியை நடுவில் நிறுத்தியபின் சந்தனமும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது தெரிகிறது. காய்ந்து, இறுகி, உரிக்கும்போது தோலைப் பிடித்து இழுப்பதில் சந்தனப் பூச்சும் உலர்ந்த கட்டுத் துணியும் உடன்பிறப்புகள். காலையில் முகம் கழுவும்போது, உடைந்த பருவின் மேல் பாறையாய்க் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தவர்களுக்கு அது தெரியும். இரவெல்லாம் மூடிய வாசலை ஒரே சுரண்டலில் திறந்துவிடுவோம்.

அப்படியானால் பழையது தோற்றது, புதியது வென்றது என்று எழுதி முடித்துவிடலாமா? நானும் அந்த இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். சித்த மருத்துவத்தின் புற மருந்துப் பட்டியலைப் பார்த்தபோது வழி திரும்பியது. புற மருந்துகள் 32. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு என்று தொடங்கும் அந்த வரிசையில் களிம்பும் இருக்கிறது, சீலையும் இருக்கிறது. பற்று, வீங்கிய இடத்தின் மேல் போடுவது. சீலை, மருந்தில் தோய்த்த துணி, புண்ணுக்கானது. காயவிடும் சாந்துக்கும் ஈரத்தோடு மூடும் துணிக்கும் அந்த மரபு தனித்தனிப் பெயர் வைத்து, தனித்தனி இடம் கொடுத்திருக்கிறது. வீக்கத்துக்குச் சொன்னதைப் புண்ணுக்குக் கொண்டுபோனது வீட்டுப் பழக்கம். அதை மரபின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

இந்தத் தவறு ஒரு தரப்புக்கு மட்டும் உரியதுமில்லை. ஹைட்ரோகொலாய்டு கட்டுகள் முகத்துக்காகப் பிறந்தவையல்ல. குடலை வயிற்றின் மேல் திறந்துவிட்ட நோயாளிகளின் தோலைக் காக்கவும், படுக்கைப் புண்ணுக்கும், கால் புண்ணுக்கும் என்று ஆஸ்பத்திரியில் வளர்ந்தவை. கொரிய அழகுப் பொருள்களின் அலையில் வட்டமாக வெட்டப்பட்டு முகத்துக்கு வந்தன. சந்தனம் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் சம்பாதித்த பெயரை, பேட்ச் ஆஸ்பத்திரி வார்டில் சம்பாதித்த பெயரைக் கொண்டுவந்து பருவில் செலவழிக்கின்றன.

மஞ்சளையும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அம்மாவின் அடுத்த அஸ்திரம் அதுதான். 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. நம் நாட்டின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாக வைத்து எதிர்த்தது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. நியாயமான வெற்றி. ஆனால் அங்கே நிரூபணமானது மஞ்சளின் பயன் பழையது என்பது மட்டுமே. எந்தப் புண்ணில், எவ்வளவு, எப்படிப் பூசினால் ஆறும் என்பது அந்த வழக்கின் கேள்வியே இல்லை. கடைப் பொட்டல மஞ்சளை உடைந்த பருவில் அப்புவதற்கு அந்தத் தீர்ப்பு சீட்டு ஆகாது.

ஆகவே கோட்டைப் பழமைக்கும் புதுமைக்கும் நடுவில் போடுவதைவிட, தோல் உடைவதற்கு முன் என்றும் உடைந்த பின் என்றும் போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. முன்பக்கம் சந்தனத்துக்கு இடம் இருக்கிறது: மூடிய, சிவந்த, எரியும் பருவின் மேல் மெல்லிய பூச்சு, காய்ந்து இறுகும் முன் தண்ணீர்விட்டுக் கழுவிவிட வேண்டும். பின்பக்கம் பேட்சுக்கு இடம்.

உடைத்துவிட்ட பேத்திக்கு அன்று என்ன தேவைப்பட்டது? முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது. மிச்சம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை நசுக்காமல் இருப்பது, இதுதான் கஷ்டம். நகத்தின் அழுத்தம் வெளியே போவதுபோல் உள்ளேயும் போகிறது. எண்ணெய்ப் பையின் சுவர் உள்பக்கம் கிழிந்து சரக்கெல்லாம் தோலுக்கு அடியில் கொட்டினால் உடம்பு அதோடு சண்டைக்கு நிற்கும். நாம் பார்க்கும் சிவப்பும் வீக்கமும் அந்தச் சண்டைதான். அப்புறம் மென்மையான சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுப்பது. ஐஸ் கட்டியை நேரே வைக்காமல் துணியில் சுற்றி ஐந்து பத்து நிமிடம் ஒற்றடம். சந்தனம் நீரை ஆவியாக்கிச் செய்யும் வேலையை ஐஸ் நேரடியாக, மரத்துகள் எதுவும் விட்டுப்போகாமல் செய்துவிடுகிறது. நன்றாக உலர்ந்த தோலின் மேல் பேட்ச். அது வெளுத்து ஓரம் தூக்கினால் மாற்றுவது.

பேட்ச் வீட்டில் இல்லையா? வாசலின் போதும், கடுகளவு. 1872-ல் ராபர்ட் சீஸ்பரோ காப்புரிமை வாங்கிய அந்தப் பழைய களிம்பு, விண்டர் பாலித்தீன் தாளால் செய்த வேலையை ஒரு விரல் நுனியில் செய்கிறது: ஈரத்தை வெளியே விடாது. 1996-ல் சிறு அறுவை செய்துகொண்ட தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஆன்டிபயாடிக் களிம்புக்கும் வெறும் பெட்ரோலியம் ஜெல்லிக்கும் கிருமித் தொற்றில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அட்டையின் ஒரு வட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு டீயின் விலை ஆகிறது. டப்பா ஒன்று வருஷம் தாண்டும். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, காலை எச்சில் மூன்றையும் இந்தப் பக்கம் விடாமல் இருப்பது நல்லது.

குறைகளிலும் இரண்டுக்கும் ஒரு சமன் உண்டு. சந்தனக் கட்டை உண்மையானதாக இருந்தால் விலை கையைச் சுடும். 'சந்தனப் பவுடர்' என்று பொட்டலத்தில் வருவது ஏதோ ஒரு மரத்தூளும் வாசனையும் சாயமுமாக இருக்கலாம். கல்லும் கிருமி நீக்கியதில்லை. நேற்றைய சந்தனத்தின் மேல்தான் இன்றையதும் இழைகிறது. பேட்ச் சுத்தமாக உறையில் வருகிறது. ஆனால் சித்திரை வெயிலில் எண்ணெய் வழியும் தாடையில் ஒட்டினால் பஸ் ஏறுவதற்குள் காலரில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றுக்குத் தூய்மை சந்தேகம், மற்றதற்குப் பிடிமானம் சந்தேகம்.

கடைசியாக ஓர் ஒற்றுமை. இரண்டு நாள் வீட்டில் இருந்து பார்த்ததில் இதுவே பெரியது என்று நினைக்கிறேன். பேத்தி படிக்கும்போது இடது கை தன் போக்கில் தாடைக்குப் போகும். விரல் வழுவழுப்பான வட்டத்தில் முட்டி, திரும்பிவிடும். என் பள்ளி நாட்களில் என் முகத்திலும் சந்தனம் இருந்தது; காய்ந்த பூச்சில் விரல் பட்டால் பொடி உதிரும், அம்மா எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அதற்குப் பயந்தே தொடமாட்டேன். பேட்ச் மருந்தாக எவ்வளவு, சந்தனம் மருந்தாக எவ்வளவு என்பது ஒருபுறம். காவலாக இரண்டும் சமம். திரும்பத் திரும்பக் கிள்ளிய பருக்கள்தான் நம் போன்ற மாநிறத் தோலில் மாதக்கணக்கில் நிற்கும் கரும்புள்ளிகளாகின்றன. வெயில் அந்தக் கருமையைக் கூட்டும். அதற்குச் சந்தனமும் பேட்ச்சும் காவல் இல்லை, குடையும் சன்ஸ்கிரீனும்தான்.

இரண்டுக்கும் எட்டாத எல்லையும் ஒன்றே. சிவப்பு வட்டம் நாளுக்கு நாள் விரிந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ கல்லையும் அட்டையையும் பலகையிலேயே விட்டுவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். மூக்குப் பாலத்திலிருந்து வாயின் இரு ஓரங்கள் வரையுள்ள முக்கோணத்தில் ரத்த நாளங்கள் மூளையின் அடிப்பகுதி நாளங்களோடு தொடர்புள்ளவை. தொற்று அங்கே பரவுவது அபூர்வம், ஆனால் அபூர்வம் என்பது இல்லை என்பதாகாது. மருந்துக் கடையில் "சிவப்புக்கு ஏதாவது க்ரீம் குடுங்க" என்று கேட்டு வாங்குவதும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த க்ரீம் சிவப்பை ஒரே இரவில் அமுக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து பரு இன்னும் பெருகும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இந்தக் கூத்தைப் பார்த்துத்தான்.

கல்யாணத்துக்குப் போனோம். வீக்கம் பாதி வற்றியிருந்தது. வட்டத்தின் மேல் லேசாகப் பவுடர் பூசி மறைத்திருந்தாள். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்பும் கல்கண்டும் சந்தனக் கிண்ணமும் வைத்திருந்தார்கள். அம்மா இரண்டு விரலால் சந்தனத்தை வழித்து, பேத்தியின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பேத்தி சட்டென்று தாடையை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மறு கையை நீட்டினாள். அம்மா புறங்கையில் தடவிவிட்டு, "இங்க வைக்கலாம்ல?" என்றாள்.